மிலாறு நெருப்பும் தாச்சிச் சட்டியும்

கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு தெரியுமா? பேருக்கு ஒரு மணித்தியாலம். அதற்குள் கொழுந்தை நிறுத்துக் கொடுக்க வேண்டும். மலையிலிருந்து லயத்துக்கு இறங்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுக்க வேண்டும். தானும் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி மலை ஏற வேண்டும். காலையில் வடித்து வைத்த சோறு இருக்கும். அதற்கு ஒரு கறி வேண்டும். அந்தக் கறிக்கு மிஞ்சுவது கால் மணி நேரம், அதுவும் அடுப்பு உடனே பிடித்தால்.

கால் மணி நேரத்தில் ஒரு வீட்டுக்கே ருசியாகச் சமைக்கிற கைப்பக்குவம் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆனால் 'அவசரத்துக்குச் செஞ்சது' என்று நாமே அதைத் தள்ளி வைத்துவிடுகிறோம். விருந்தாளி வந்தால் தாச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கோழி வாங்க ஓடுகிறோம். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. விறகு, நேரம், உயரம், காற்று, சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து எங்கள் அம்மாமார் உண்டாக்கிய சமையல் இது. எழுதி வைக்க வேண்டியது என்று நினைக்கிறேன். ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நெருப்பைச் சொல்லவேண்டும். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுகிற குச்சிதான் மிலாறு. கவ்வாத்து நடக்கிற மலையிலிருந்து மிலாற்றைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, இஸ்தோப்பு ஓரத்தில் அடுக்கிக் காயவைப்பார்கள். காய்ந்த மிலாறு விரல் தடிப்புத்தான் இருக்கும். சட்டெனப் பிடிக்கும், மளமளவென்று எரியும், சீக்கிரம் அடங்கும். சோறு வடிக்கவும் பருப்பு அவிக்கவும் நின்று எரிகிற மொத்த விறகு வேண்டும். பிரட்டலுக்கு மிலாறே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. தாச்சிச் சட்டிக்கு வேண்டியது குறைந்த நேரத்துக்கு மிகுந்த சூடு. ஒரு பிடி மிலாறு எரிந்து தணிகிற நேரத்துக்குள் ஒரு சட்டி கோவா பிரண்டு இறங்கிவிடும். குச்சியை உள்ளே தள்ளினால் சூடு கூடும், வெளியே இழுத்தால் குறையும். அம்மா இடது கையால் குச்சியை ஆட்டிக்கொண்டே வலது கையால் அகப்பையைப் பிடிப்பார். கண் சட்டியில் இருக்கும், காது எண்ணெய் சத்தத்தில் இருக்கும்.

அடுத்தது உயரம். இதைப் பள்ளிக்கூடத்துப் பாடமாக நினைக்காமல் சமையல் விஷயமாகப் பாருங்கள். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர். பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல். அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 பாகையைத் தொடுவதற்கு முன்பே கொதித்துவிடும். அப்புத்தளையில் 95 பாகை அளவில் கொதிக்கும், அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. அதனால் பருப்பும் கடலையும் அங்கே அவிய இழுத்தடிக்கும். தாமஸ் லிப்டன் 1890 இல் தொழிற்சாலை கட்டிய தம்பேதன்னப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்கா, பதுளைக்கு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "ஒன் வீட்டுல பருப்பு எவ்ளோ சுருக்கா வேகுது தங்கச்சி" என்பாள். எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. கொழும்பில் காய்கிற மாதிரியே அப்புத்தளையிலும் காயும். குளிரும் உயரமும் உள்ள ஊரில், விறகைச் சுமந்து வரவேண்டிய வீட்டில், அவிப்பதைவிடப் பிரட்டுவது லாபம் என்பதைத் தோட்டத்துப் பெண்கள் அடுப்படியிலேயே கண்டுகொண்டார்கள்.

சரி, சட்டிக்கு வருவோம். நான் இப்போது பதுளை டவுனில், ரெண்டு அடுப்பு காஸ் குக்கரில் சமைக்கிறேன். அம்மாவின் இரும்புத் தாச்சி என்னிடம்தான் இருக்கிறது. காஸ் அடுப்பிலும் முறை மாறவில்லை.

கோவாவையே எடுங்கள். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் கோவா இறுக்கமாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அதை நூல் மாதிரி அரியவேண்டாம், சின்ன விரல் அகலத்துக்கு அரிந்தால் போதும். கழுவிய பிறகு தண்ணீர் வடிய வேண்டும். இதுதான் முக்கியம். ஈரத்தோடு சட்டியில் போட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிற வரைக்கும் சட்டியின் சூடு மேலே ஏறாது, கோவா வதங்காமல் அவிந்து நாறும். அம்மா அரிந்த கோவாவைச் சுளகில் பரப்பி இஸ்தோப்பில் வைத்துவிட்டுத்தான் வெங்காயம் உரிப்பார். பம்பாய் வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் ரெண்டு, உள்ளி நாலு பல்லு, கருவேப்பிலை. தாச்சி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய். கடுகு வெடித்ததும் கருவேப்பிலை, உள்ளி, வெங்காயம். வெங்காயம் ஓரம் சிவக்கும்போது கோவாவைப் பாதி பாதியாகப் போடவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் சட்டி ஆறிவிடும். ஒரு சிட்டிகை மஞ்சள். மூடக்கூடாது. உப்பு கடைசியில்தான், ஏனென்றால் உப்பு பட்டதும் கோவா தண்ணீர் விட்டுவிடும். அகப்பையால் அடியிலிருந்து புரட்டிப் புரட்டி எடுத்தால் நாலைந்து நிமிடத்தில் இலை மினுமினுக்கும், தண்டில் இன்னும் நறுக்கென்று ஒரு கடி இருக்கும். அப்போது இறக்கவேண்டும். தேங்காய்ப்பூ இருந்தால் ஒரு பிடி தூவலாம்.

தேங்காய் இருந்தால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மலைகளுக்குத் தேங்காய் கீழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாய் அளவுக்கு வந்தபோது, தோட்டத்தில் ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குச் சம்பளம் ஒரு தேங்காய்க்கு! பால் பிழிந்து வைக்கிற கறிக்கு அரைத் தேங்காயாவது வேண்டும். பிரட்டலுக்கு ஒரு பிடி போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. தாச்சிச் சமையல் எங்கள் வீடுகளில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கீரைக்குக் காலம் உண்டு. எங்கள் ஊவாவுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கும். அப்போது பீலிக்கரையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தானாகவே வளரும், கங்குன் கடையில் கட்டுக் கட்டாக மலிவாகக் கிடைக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். நாட்டின் மற்றப் பக்கம் தென்மேற்கு மழையில் நனைய, மலையைத் தாண்டி எங்களுக்கு வருவது காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடுகிற வாசம் ஏறுகிறது. ஆனால் கொழுந்து மெதுவாகத்தான் வரும், கூடை நிறையாது, வீட்டுத் தோட்டத்துக் கீரையும் கருகும். உலகச் சந்தையில் எங்கள் தேயிலை நல்ல விலை போகிற மாதங்களில்தான் கொழுந்து எடுக்கிறவள் வீட்டுச் சட்டி காய்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு பொறுக்கவில்லை.

கங்குனைத் தண்டு வேறு இலை வேறாக ஆய்ந்து கொள்ளுங்கள். தண்டு முதலில், இலை கடைசியில். தட்டின உள்ளி தாராளமாக, இடித்த செத்தல் மிளகாய் கொஞ்சம். சட்டி புகைய ஆரம்பிக்கிற சூட்டில் தண்டு ஒரு நிமிடம், இலை ஒரு நிமிடம், உப்பு, இறக்கு. இறக்கிய பிறகு பாதித் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பச்சை நிறம் மங்கிவிடும், கசக்கவும் செய்யும்.

தேசிக்காய் ருசிக்கு மட்டும் இல்லை. கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். தேத்தண்ணியில் இருக்கிற சாயச்சத்து அதைச் சேரவிடாமல் தடுக்கும். நாமோ சோறு தின்ற கையோடு ஒரு கப் பிளேன்டீ குடித்துப் பழகிய ஆட்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் தேத்தண்ணியைக் குறை என்று சொல்வது கஷ்டம். நான் குடிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், கர்ப்பிணிப் பெண்களும் வயசுக்கு வந்த பிள்ளைகளும் முக்கியமாக. 2016 இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் ஏறக்குறைய 32 வீதம். அந்த எண்ணுக்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது, குடிதண்ணீர் இருக்கிறது, லயம் இருக்கிறது. ஒரு சட்டி கீரை அதையெல்லாம் சரிசெய்துவிடாது. ஆனால் கையில் இருக்கிற கீரையின் சத்தாவது வீணாகாமல் பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டும்.

கிழங்குக்கு வருகிறேன், எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வெலிமடைப் பக்கத்தில் நெல் அறுத்த வயலிலேயே உருளைக்கிழங்கு போடுவார்கள். புதுக்கிழங்கு கடைக்கு வருகிற மாதங்களில் தோலில் மண் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் தோல் வரும். அதை வாங்குங்கள், ரெண்டு ரூபாய் கூட இருந்தாலும் வாங்குங்கள். கப்பலில் வந்து குளிரறையில் நாள் கணக்கில் கிடந்த கிழங்கில் மாச்சத்து சீனியாக மாறியிருக்கும். எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்னே வெளியே கறுத்துவிடும். நம் கிழங்கு பொன்னிறமாக மொறுமொறுத்து வரும். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியபோது எங்கள் மாவட்டத்து மரக்கறிக் கமக்காரர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். அவர்களிடம் வாங்குவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறேன்.

கிழங்கைச் சுண்டுவிரல் மொத்தத்துக்குச் சதுரமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முக்கால் வேக்காடு அவித்து வடித்து, ஆவி போக அகலமான தட்டில் பரப்புங்கள். முழுக் கிழங்காக அவிக்கிற நேரத்தில் பாதிகூட ஆகாது. பிறகு தாச்சியில் எண்ணெய், கடுகு, பெருஞ்சீரகம், ரம்பைத் துண்டு, கருவேப்பிலை, நீளவாக்கில் அரிந்த வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் இடித்த செத்தல் மிளகாயும், வசதி இருந்தால் ஒரு கரண்டி மாசித்தூளும். மிளகாய் எண்ணெயில் பத்துச் செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது, கருகினால் எல்லாம் போச்சு. கிழங்கைக் கொட்டிப் பிரட்டியதும் அகப்பையைக் கீழே வைத்துவிடுங்கள். கிண்டிக்கொண்டே இருந்தால் மசியும். ஒரு பக்கம் சட்டியில் ஒட்டிச் சிவந்து, தானாக விட்டுக்கொடுக்கிற வரைக்கும் பொறுத்து, பிறகு திருப்புங்கள். கடைசியில் அடியில் ஒட்டிய மொறுமொறுப்பைச் சுரண்டி மேலே போடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அடிபிடி நடக்கும்.

நெத்தலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தோட்டத்தில் ஒருவரும் என்னை மன்னிக்கமாட்டார்கள். கடலையே பார்க்காத லயத்திலும் நெத்தலி இருக்கும். தலையைக் கிள்ளி, வெந்நீரில் ஒருதரம் அலசி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, முதலில் தனியாகப் பொரித்து எடுத்து வைத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் வெங்காயம், கறிமிளகாய், தக்காளி. தக்காளி பாதி கரைந்ததும் நெத்தலியைப் போட்டு ரெண்டு பிரட்டு. தக்காளியோடு சேர்த்து வேகவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அதனால்தான் கடைசியில். உப்பு போடும் முன் ருசி பாருங்கள், நெத்தலியிலேயே பாதி இருக்கும். முள்ளோடு தின்கிற மீன் என்பதால் பிள்ளைகளின் எலும்புக்கு நல்லது.

சோயா மீட்டுக்கும் இதே முறைதான். ஒரே ஒரு விஷயம்: கொதிநீரில் ஊறியதை ரெண்டு கைக்கும் நடுவில் வைத்து இறுகப் பிழிய வேண்டும், தண்ணீரை மாற்றி மறுபடி பிழிய வேண்டும். அந்தத் தண்ணீரோடுதான் சோயாவின் பச்சை வாடை போகும். பிழிந்ததை மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் மாவு பிரட்டிப் பொரித்துவிட்டு டெவல் செய்தால், இறைச்சி எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ரொட்டி எங்கள் வீடுகளுக்கு வந்த கதை தனியாக ஒரு பதிவுக்கு உரியது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, கூப்பன் வந்தது, கூப்பனோடு கோதுமை மாவும் பெருகியது. அன்றிலிருந்து காலையில் ரொட்டி தட்டுகிற சத்தம் லயத்தின் சத்தமாகிவிட்டது. 1973, 74 இல் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. உயிர் பிழைக்கப் பலர் வன்னிப் பக்கம் போனார்கள். என் அப்பாயி அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு எந்தச் சாப்பாட்டின் பேரும் வாயில் வராது. மாவுப் பானையின் அடியைக் கையால் வழித்து எடுப்பது அவருக்குக் கடைசிவரை பழக்கமாக இருந்தது.

தேங்காய் இல்லாத நாளில் ரொட்டிக்கு இதைச் செய்யுங்கள். மாவில் உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய கரட், ஒரு கரண்டி எண்ணெய். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கிற அளவுக்கு மேலான சூட்டில் வெந்நீர் ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, ஆறியதும் பிசையுங்கள். வெந்நீரில் மாவு பாதி வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மத்தியானம் மலையில் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் ரொட்டி மிருதுவாக இருக்கும். காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் ரெண்டு பக்கமும் சுட்டு, தணலில் சாய்த்து ஓரத்தை வாட்டவேண்டும்.

மிஞ்சிய ரொட்டி ராத்திரிக்குக் கொத்தாகும். நேற்றைய ரொட்டிதான் கொத்துக்கு ஏற்றது, புது ரொட்டி சட்டியில் குழையும். கத்திரிக்கோலால் வெட்டி வைத்துக்கொண்டு, லீக்ஸ், கரட், கோவா எது இருக்கிறதோ அதைப் பெரு நெருப்பில் பிரட்டி ஓரமாகத் தள்ளி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, முட்டை பாதி கட்டியாகும்போது ரொட்டியைப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டுங்கள். ஒரு கரண்டி மிஞ்சிய குழம்பு ஊற்றினால் போதும்.

2022 இல் காஸ் சிலிண்டருக்கு டவுனில் நாள்கணக்கில் வரிசை நின்றதும், ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாயை நெருங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது எங்கள் ஒழுங்கையில் விறகு அடுப்பு மூட்டத் தெரிந்த வீடுகள் தோட்டத்திலிருந்து வந்த வீடுகள்தான். பக்கத்து வீட்டு அக்காமார் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். காஸ் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தில் ஒன்று மிஞ்சியது: முதலில் எல்லாவற்றையும் வெட்டி வைத்துவிட்டுக் கடைசியில்தான் அடுப்பைப் பற்றவைப்பது. இது ஒன்றைச் செய்தாலே சிலிண்டர் கூடுதல் நாள் வரும்.

விறகைப் புகழ்கிறேன் என்று புகையை மறந்துவிடவில்லை. காற்றோட்டம் இல்லாத லயக் காம்பராவில் ஈர மிலாற்றை ஊதி ஊதியே நெஞ்சு கெட்டுப்போன பெண்களை எனக்குத் தெரியும். செத்தல் மிளகாய் தாளித்தால் அடுத்த காம்பராவரை இருமல் கேட்கும். புகைபோக்கி உள்ள குசினி ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும், அது கேட்டு வாங்க வேண்டிய உரிமை. இன்னொன்றும் சொல்லவேண்டும். தோட்டத்தில் ஆண்களின் வேலை பெரும்பாலும் கணக்கு வேலை. முடித்தால் மத்தியானத்தோடு வீடு. பெண் பொழுது சாய்கிற நேரத்தில்தான் இறங்கி வருகிறாள். அதற்குப் பிறகும் தாச்சியை அவளே தூக்கவேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அண்ணன்மாரே, தம்பிமாரே, மேலே எழுதியிருக்கிற எல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அவர்களுக்கு முதல் பாடமாக டின்மீனைச் சொல்கிறேன், சம்பளம் போட்ட வாரத்தில் எல்லா வீட்டிலும் ஒரு டின் இருக்கும். தண்ணீரை வடித்துத் தனியாக வையுங்கள். மீனை ரெண்டாகப் பிளந்து மிளகுத்தூள் தூவி, காய்ந்த எண்ணெயில் ஒருபக்கம் சிவக்கவிட்டு எடுங்கள். அதே சட்டியில் ரெண்டு வெங்காயம், ஒரு தக்காளி, கறிமிளகாய், மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி. வடித்த தண்ணீரில் பாதியை ஊற்றிச் சுண்டவிட்டு, மீனை மேலே வைத்துச் சட்டியை மெல்ல ஆட்டுங்கள், அகப்பை போட்டால் மீன் உதிரும். தேசிக்காய் பிழிந்து இறக்குங்கள். சோறு வடிக்க நேரமில்லை என்றால் கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கினால் போதும்.